சுத்தமாக வேலை செய்யவில்லை

ஜனவரி 9

பெரிய சகலைக்கு,

ஃபோனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீங்கள் பேசுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரை நான் பேசலாம். மேலும் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே அக்காவும் தங்கையும் தினமும் நடத்தும் தொலைபேசிப் போக்குவரத்தில் நமக்கு இடமில்லை. நீங்கள் நலம் என்று அதன் வழியாக அறிகிறேன். நான் அவ்வளவு நலமில்லை என்று நீங்களும் அறிந்து ஆறுதல் அடைந்திருப்பீர்கள்.

உங்கள் நிறுவனத்தை விட்டு வந்தபின் (‘விட்டு’ என்பது என் சொல், உங்கள் சொல் வேறு) இங்கே ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். டயாலிசிஸ் மையங்களிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் வருகிறது. செத்த கிருமிகளின் மேல்தோல் நஞ்சு அதில் கலந்திருக்கிறதா என்று குதிரைலாட நண்டின் ரத்தத்தை வைத்துச் சோதித்துச் சொல்ல வேண்டும். நஞ்சு இருந்தால் குழாயில் இருப்பது உறைந்துவிடும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. இல்லையென்றால் வழிந்துவிடும். மருந்துப் புரதம் சுத்தம் செய்துகொண்டிருந்தவனுக்கு இது இறக்கம்தான் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீருக்கு முதலீட்டாளர்கள் கிடையாது. அதனால் அது பொய் சொல்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோபம் வராமல் இருக்கிறது.

செப்சிஸ் என்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ரத்தத்தில் கிருமியின் நஞ்சைக் கண்டதும் உடம்பு பதறித் தன்னையே எரித்துக்கொள்கிறது. அந்த நஞ்சைக் கவ்விப் பிடித்து உடம்பின் கண்ணில் படாமல் அப்புறப்படுத்த ஒரு புரதம் செய்தோம். கொக்கி என்று பெயர் வைத்தவர் நீங்கள். அதைத் தயாரிக்க வேலைக்கு அமர்த்தியதும் கிருமிகளையேதான். அவற்றுக்குள் புரதத்தை வளர்த்து, அவற்றை உடைத்து எடுத்து, கழுவினோம். திருடன் பட்டறையிலேயே பூட்டு செய்யக் கொடுத்த மாதிரி.

முதல் தொகுதியைப் போட்ட எலிகள் பிழைத்தன. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பிறகு நான் கழுவும் வேலையில் இன்னும் இரண்டு படி சேர்த்தேன். அந்தத் தொகுதியைப் போட்ட எலிகள் வரிசையாகச் செத்தன. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள்: “நம்ம சகலை செஞ்ச சரக்கு சுத்தமா வேலை செய்யல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். வாக்கியம் நன்றாக இருந்தது.

அதன் பொருள் எனக்கு இப்போதுதான் புரிந்தது. அது சுத்தமாக இருந்தது, அதனால் வேலை செய்யவில்லை.

ஆண்டு விழாவில் ஆளுக்கொரு நினைவுப் பரிசு கொடுத்தீர்களே, முதல் தொகுதியின் தூள் அடைத்த குப்பியைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டிக்குள் பதித்து. என்னுடையதை ரம்பத்தால் அறுத்தேன். தூளைக் கரைத்து நண்டு ரத்தத்தில் விட்டேன். உறையவில்லை. சுத்தம் என்றது. பிறகு புரதத்தை வெட்டும் நொதியைப் போட்டுச் சூடாக்கி, கொக்கியைத் துண்டு துண்டாக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். கல் மாதிரி உறைந்தது.

சகலை, நஞ்சைப் பிடிக்கச் செய்த புரதம் நஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. சோதனையின் கண்ணிலும் படாமல். எலிகளைக் காப்பாற்றியது கொக்கி இல்லை, கூட வந்த அழுக்கு. நோய் கொடுப்பதற்கு முந்தின நாளே நாம் ஊசி போட்டோம். உள்ளே போனபின் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்து நஞ்சு கசிந்தது. அதற்குப் பழகிய உடம்பு மறுநாள் பெரியதைக் கண்டு பதறவில்லை. அவ்வளவுதான் நம் கண்டுபிடிப்பு. எலி அந்தக் கசிவைத் தாங்கும். மனிதன் தாங்கமாட்டான். இந்த விஷயத்தில் நம் உடம்பு எலியைவிடப் பயந்தாங்கொள்ளி.

பழைய முறைக்கே திரும்பி, அதை மனிதர்களுக்குப் போடப்போகிறீர்கள் என்று வீட்டுத் தொலைபேசி சொல்கிறது. நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
சின்ன சகலை


ஜனவரி 21

அன்புள்ள சின்ன சகலைக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். நினைவுப் பரிசை அறுத்த செய்தி அறிந்து வருந்தினேன். அதன் அடியில் தங்கள் பெயரைப் பொறிக்கச் சொன்னவன் நான்.

எங்கே வைத்து அறுத்தீர்கள் என்று தாங்கள் எழுதவில்லை. என் மனைவி தங்கள் மனைவியிடம் விசாரித்ததில், சமையல் மேடை என்று தெரியவருகிறது. சமையல் மேடையில் அறுத்த பொருளில் கிருமியின் நஞ்சு இல்லாதிருந்தால்தான் அது கண்டுபிடிப்பு. அந்த மேடையையும் நண்டிடம் காட்டினீர்களா?

நம் மருந்து வெவ்வேறு இடங்களில் சோதிக்கப்பட்டுத் தேறியிருக்கிறது. தாங்கள் சொல்லும் கூற்றை ஏற்றால், அது தேறியதே அது தவறு என்பதற்குச் சான்று. அடியேனுக்கு அந்த அளவுக்குத் தத்துவம் பிடிபடவில்லை.

தாங்கள் என்னை வியாபாரி என்று நினைக்கிறீர்கள். படித்து முடித்த புதிதில் பிரசவ வார்டில் வேலை பார்த்தேன். காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், காய்ச்சல் என்று சொன்னாள். மாலையில் கட்டில் காலி. குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நர்ஸ் என்னிடம் நீட்டினார். கொக்கி அன்றைக்கு ஆரம்பித்தது. தங்கள் கேலிக்கு எட்டாத இடத்தில் அது இருக்கிறது.

முதல் கட்டமாக ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் போடும் வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. வெளியார் நடத்தும் பரிசோதனை மையம். எல்லாம் முறைப்படி.

வேலைக்கு மறுபடியும் வர விருப்பமிருந்தால் நேரடியாகக் கேட்கலாம். அதற்கு இவ்வளவு பெரிய சுற்றுவழி தேவையில்லை.

தங்கள் நலம் நாடும்,
பெரிய சகலை


பிப்ரவரி 4

பெரிய சகலைக்கு,

சமையல் மேடை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் செய்த அறிவியல்தான் அது. எனவே இன்னொரு பரிசைத் தேடினேன். நம் விசில் மச்சானிடம் ஒன்று இருந்தது.

உங்களுக்கே தெரியும், அவன் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசிலோடு பிறந்தவன். நம் மனைவிமார்களுக்கு ஒரே தம்பி, அதனால் நம் இருவருக்கும் ஒரே மச்சான். ஆண்டு விழாவுக்கு அவனும் வந்திருந்தான். உங்கள் பரிசை அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தான்.

“இத எடுத்துக்கலாமா?” என்றேன்.

“எதுக்கு சின்னத்தான்?”

“அறுக்க.”

“உங்களோடத என்ன பண்ணீங்க?”

“அதையும் அறுத்துட்டேன்.”

அவன் என் மனைவியை ஃபோனில் கூப்பிட்டு, “அக்கா, இவர நல்லாப் பாத்துக்கோ” என்றான். கொடுத்துவிட்டான். கொடுக்கும்போது துண்டால் துடைத்துக் கொடுத்தான்.

இந்த முறை எங்கள் கூடத்தின் சுத்த அறையில் திறந்தேன். காலிக் குப்பியையும், என் கையுறையையும், ரம்பத்தையும்கூடச் சோதித்தேன். அவை சுத்தம். கொக்கியை உடைக்கும் வரை தூளும் சுத்தம். உடைத்ததும் உறைந்தது.

எனக்கு வேலை வேண்டாம். பெயர் வேண்டாம். ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். இப்போது ஊசிக்கு வைத்திருக்கும் தொகுதியில் ஒரு சொட்டு எடுத்து, முதலில் புரதத்தை உடைத்துவிட்டு, பிறகு நண்டு ரத்தத்தில் விடுங்கள். உங்கள் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று. நஞ்சு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். முந்தின நாளே போட்டால்தான் வேலை செய்யும் மருந்தை யாருக்குக் கொடுப்பீர்கள்? “நாளைக்கு எனக்கு செப்சிஸ் வருது டாக்டர்” என்று டோக்கன் வாங்கிக்கொண்டு யாரும் வருவதில்லை. அந்தப் பெண் சொல்லியிருப்பாளா? கேலி இல்லை. அவளைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

மருந்து அனுமதி அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சின்ன சகலை


பிப்ரவரி 24

சின்ன சகலை அவர்களுக்கு,

அலுவலகத்துக்குத் தாங்கள் அனுப்பிய புகார் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ‘இது குறித்துத் தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்’ என்ற குறிப்போடு. என் கருத்தைத் தெரிவித்தேன். அவர்கள் திருப்தி தெரிவித்தார்கள். மொட்டைக் கடிதம் போடுகிறவனாவது உறவுக்குக் கொஞ்சம் மரியாதை வைத்துப் பெயரை மறைப்பான்.

தாங்கள் கேட்ட சோதனையைப் பற்றித் தரக்கட்டுப்பாட்டு அம்மாளிடம் கேட்டேன். நான் கேட்கவே இல்லை என்று தாங்கள் நினைக்க வேண்டாம். “செய்யலாம் சார். ஆனா அது அங்கீகாரம் இல்லாத முறை. பண்ணி ஏதாவது வந்துச்சுன்னா, வந்தத எழுதியாகணும்” என்றார். எழுதினால் விளக்கம், விளக்கத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தேதி. நமக்கோ முதல் கட்டத்தை முடித்துக் காட்ட வேண்டிய தேதி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே ‘தேவை எழும்போது பரிசீலிக்கலாம்’ என்று முடிவு செய்தோம்.

தேவை எழவில்லை. முதல் குழுவுக்கு மிகக் குறைந்த அளவு போடப்பட்டது. எல்லோரும் நலம். இரண்டு பேருக்கு மட்டும் லேசான குளிர் நடுக்கம். அறையில் ஏசி அதிகம் என்று கண்டறிந்து குறைத்துவிட்டார்கள். அடுத்த குழுவுக்கு அளவு கூட்டப்படும்.

ஒரு மகிழ்ச்சியான செய்தி. தாங்கள் மருந்தை நம்பவில்லை, நம் மச்சான் நம்புகிறான். அடுத்த குழுவில் அவன் பெயர் கொடுத்திருக்கிறான். நான் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஆள் போதவில்லை என்று பேச்சு வந்தது, அவ்வளவுதான். “என்ன மாதிரி திடமான ஆள் கிடைப்பானா பெரியத்தான்?” என்றான். மையத்தில், நிறுவனத்தில் இரத்த உறவு யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று எழுதியிருக்கிறான். அக்கா புருஷன் இரத்த உறவா என்ன? நான் தடுக்கவில்லை. என் நம்பிக்கைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெரிய சகலை


பிப்ரவரி 27

சகலை,

ஏசி இல்லை. அது நஞ்சு.

விசிலுக்கு ஃபோன் பண்ணினேன். மைதானத்தில் இருந்தான். சுற்றிலும் பிள்ளைகள் சத்தம். போகாதே என்றேன்.

“ஏன்?”

“அந்த மருந்துல கிருமியோட நஞ்சு இருக்கு. உனக்குப் போட்டா உடம்பு கவுந்துடும்.”

சிரித்தான். “சின்னத்தான், போன தடவ பெரியத்தான் மருந்த உப்புத் தண்ணின்னீங்க. அதுக்கு முன்னாடி எலிங்க வெக்கப்பட்டுப் பொழச்சிருச்சுன்னீங்க. இப்ப நஞ்சா? நல்ல முன்னேற்றம்.”

“நான் வெளையாடல.”

“நீங்க என்னைக்கு வெளையாடுறேன்னு சொல்லிட்டு வெளையாடினீங்க? இங்க பாருங்க, அவரு போடுங்கிறாரு, நீங்க போடாதங்கிறீங்க. உங்க ரெண்டு பேரு ஆட்டத்துக்கு நான் என்ன ரெஃப்ரியா?” விசிலை ஒரு முறை ஊதிக் காட்டினான். வைத்துவிட்டான்.

என் மனைவியைப் பேசச் சொன்னேன். அவள் பேசினாள். “நீங்க பேசச் சொன்னீங்கன்னு கண்டுபிடிச்சுட்டான்” என்றாள். மையத்துக்கும் பேசினேன். மருந்து பற்றிய சந்தேகங்களை மருந்து தரும் நிறுவனத்திடம் கேட்கச் சொன்னார்கள். அந்த நிறுவனம் நீங்கள்.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்பான். ‘உனக்கு வேண்டாம்’ என்று சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். அல்லது அந்த ஒரு சொட்டைச் சோதியுங்கள். சுத்தம் என்று வந்தால், உங்கள் கூட்ட அறையில் எல்லோர் முன்னாலும் வந்து நின்று, நான் பொறாமை பிடித்தவன் என்று என் வாயால் சொல்கிறேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று நீங்களே எழுதிக்கொடுங்கள். படிக்கிறேன்.

சின்ன சகலை


மார்ச் 5

சகலை,

பதில் இல்லை. வீட்டுக்கு வந்தேன், நீங்கள் வெளியூர் என்றார்கள். உங்கள் செருப்பு வாசலில் இருந்தது.

நாளைக் காலை அவனுக்கு ஊசி. இந்தக் காகிதத்தை உங்கள் அலுவலகத்து வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். ‘அவசரம்’ என்று மேலே எழுதச் சொன்னேன். “எல்லாரும் அதத்தான் சார் எழுதுறாங்க” என்றார் அந்தப் பெண். எழுதினார்.


மார்ச் 19

சின்ன சகலை,

மேசை போட்டு எழுத இடமில்லை. ஐசியு வெளியே இருக்கும் பெஞ்சில் மடிமேல் வைத்து எழுதுகிறேன். நீங்கள் வரும் நேரம் பார்த்து நான் போய்விடுகிறேன், அது உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அதனால் கடிதம்.

அன்றைக்கு நடந்ததை உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஜோக் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம். “ஏசியக் கொறைங்கப்பா” என்று அவனே சொன்னானாம். ஏசி அன்றைக்குப் போடவே இல்லை. பிறகு கட்டில் ஆட ஆரம்பித்தது. பிறகு ரத்த அழுத்தம் காணாமல் போயிற்று.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே வந்தேன். இளம் டாக்டர் ஒருவர் என்னைப் பையனுக்கு உறவு என்று மட்டும் நினைத்து விளக்கினார். “செப்சிஸ் மாதிரியே இருக்கு சார். ஆனா ரத்தத்துல கிருமியக் காணோம். எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுறோம்.” செப்சிஸ் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். “தேடுங்க” என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். ஊசியில் நஞ்சு இருக்கலாம் என்ற மிச்சத்தை மறுநாள்தான் சொன்னேன்.

உயிர் தங்கிவிட்டது. சிறுநீரகம் திரும்பிக்கொண்டிருக்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுத்த மருந்தில் கால் நுனிக்கு ரத்தம் போகவில்லை. இடது கால் விரல்கள் கறுத்துவிட்டன. எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

அந்தச் சொட்டைச் சோதித்தோம். தரக்கட்டுப்பாட்டு அம்மாள் குழாயைக் கவிழ்த்துக் காட்டினார். விழவில்லை. அவர் வெகுநேரம் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

உங்கள் காகிதம் ஊசி போட்ட பிறகு என் கைக்கு வந்தது. இதை நம்புங்கள். முந்தின கடிதம் முன்பே வந்துவிட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிற்க. விசாரணைக் குழு அமைக்கப்பட உள்ள நிலையில், தங்கள் அனுபவமும் முன்னறிவும் நிறுவனத்துக்கு இன்றியமையாதவை எனக் கருதுகிறோம். தங்களைத் தர உறுதித் துறையின் தலைவராக ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும் வகையில் நியமிக்க விழைகிறோம். இதன்மூலம் தாங்கள் எழுப்பிய ஐயங்கள் யாவும் நிறுவனத்தின் உள் ஆய்வாகவே கருதப்பட்டு, நிறுவனம் தானாகவே முன்கூட்டி விழிப்புடன் செயல்பட்டது என்பது நிறுவப்படும். குடும்ப நலனையும் கருத்தில்கொண்டு தங்கள் ஒப்புதலை எதிர்பார்க்கிறோம்.

பெரிய சகலை


ஏப்ரல் 7

பெரிய சகலைக்கு,

உங்கள் கடிதத்தில் ‘நிற்க’ வரைக்கும் நீங்கள் எழுதியது. அதன் பிறகு வந்தது வக்கீல். ‘கருதுகிறோம்’ என்று ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. முதல் பாதிக்கு மட்டும் பதில் எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் ஒப்புதல் கேட்டது இரண்டாம் பாதி.

உங்கள் நியமனத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்தாள். மடித்தாள். “சுத்தம்!” என்றாள். அந்தச் சொல்லை இந்த வழக்கில் சரியாகப் பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான்.

நான் ஜனவரியில் உங்கள் தர உறுதித் தலைவராக இல்லை. தண்ணீர் கூடத்தில் கேன் கழுவிக்கொண்டிருந்தேன். குழுவிடம் அப்படியே சொல்வேன். உங்கள் செருப்பைப் பற்றியும் சொல்வேன். கொக்கிக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்வேன். நாம் கேட்டது நஞ்சைப் பிடி, வெளியே காட்டாதே என்பதுதான். அது அதைத்தான் செய்தது. இந்த விவகாரத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அது.

பிரசவ வார்டில் உங்களிடம் நீட்டிய அந்தக் குழந்தை இப்போது வளர்ந்திருக்குமே, எங்கே இருக்கிறது என்று என்றைக்காவது விசாரித்தீர்களா? நானும் விசாரித்திருக்கமாட்டேன். சும்மா தோன்றியது.

நேற்று விசிலைப் பார்த்தேன். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கால் கட்டுக்குள் இருந்தது. பாதம் போர்வைக்கு அடியில் முடிய வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே முடிந்தது. நான் அங்கே பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அங்க ஒண்ணும் இல்ல சின்னத்தான், இங்க பாருங்க” என்றான். பார்த்தேன்.

“ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஃபோன்ல சொன்னீங்களே, நஞ்சுன்னு. அது நெசமாவேதான் சொன்னீங்களா?”

“ஆமா.”

“பரிச அறுக்க வந்தப்பவும்?”

“ஆமா.”

அவனிடம் கோபம் இல்லை. மைதானத்தில் பிள்ளைகள் செய்த தப்பை எடுத்துச் சொல்லும்போது ஒரு குரல் வைத்திருப்பான் பாருங்கள், அந்தக் குரல்.

“அப்ப மூஞ்சிய மாத்தியிருக்கணும் சின்னத்தான். கிண்டலுக்கும் நெசத்துக்கும் ஒரே மூஞ்சி வச்சுக்கிட்டு இருந்தா, எதுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? குரலும் அப்பிடியேதான் இருந்துச்சு.”

இருந்த ஒரே மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது, பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார்கள் என்றான். அவனை நூலகத்துக்கு மாற்றுகிறார்களாம், உட்கார்ந்து பார்க்கிற வேலை. விளையாட்டு அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்களாம். விசிலை மட்டும் அவனே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்களாம்.

“நூலகத்துல ஊத முடியாதுல்ல” என்றான். அவன் மூஞ்சி மாறவே இல்லை. கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
சின்ன சகலை